எத்தனை குதிப்பு என்று கேட்கும் தம்பி தங்கச்சிகளுக்கு

வணக்கம்.

மாதத்துக்கு ஒன்றிரண்டு பேராவது எனக்கு எழுதுகிறீர்கள். ஒஸ்லோவிலிருந்து, லண்டனிலிருந்து, ரொறன்ரோவிலிருந்து. போன மாதம் கோயம்புத்தூரிலிருந்து ஒருவர். கேள்வி மட்டும் ஒன்றுதான்: "அண்ணா, எத்தனை ஸ்கைடைவ் முடித்தால் பேஸ் ஜம்பிங் தொடங்கலாம்?" தனித்தனியாகப் பதில் எழுதி அலுத்துவிட்டது. அதனால் எல்லோருக்கும் சேர்த்து இந்த மடல்.

சுருக்கமான பதில்: 200. பழக்கிவிடுகிறவர்கள் பெரும்பாலும் கேட்கும் எண் அது. சட்டம் என்று ஒன்றுமில்லை. விமானத்திலிருந்து குதிக்க லைசென்ஸ் வேண்டும், பேஸுக்கு அப்படி எதுவும் கிடையாது. மலை விளிம்பில் நின்று உங்கள் கார்டைப் பார்க்க ஒருவரும் வரப்போவதில்லை.

200 எதற்கு என்பதும் விளங்க வேண்டும். கட்டடம், அன்டெனாக் கம்பம், பாலம், பாறை என்று நான்கு வகை இடங்களிலிருந்து குதிக்கிறோம். அவற்றின் ஆங்கிலப் பெயர்களான பில்டிங், அன்டெனா, ஸ்பான், எர்த் ஆகியவற்றின் முதலெழுத்துகள்தான் 'பேஸ்'. விமானத்திலிருந்து பாய்கிறவருக்கு முதுகில் இரண்டு பரசூட், எங்களுக்கு ஒன்றுதான். இரண்டாவது இருந்தாலும் அதை இழுக்க நேரம் இருக்காது. முதல் விநாடியில் 5 மீற்றர் விழுவோம், இரண்டாவது முடியும்போது 20, மூன்றாவது முடியும்போது நாற்பதைத் தாண்டிவிடும். அமெரிக்காவின் ஐடஹோவில் பெரீன் பாலம் இருக்கிறது. வருடம் முழுக்க அனுமதி கேட்காமல் குதிக்கலாம் என்பதால் நிறையப் பேர் முதல் குதிப்பை அங்கேதான் குதிக்கிறார்கள். ஆற்றிலிருந்து 148 மீற்றர் உயரம். ஒன்றுமே திறக்காவிட்டால் ஆறு விநாடிக்குள் தண்ணீர். அவ்வளவு குறுகிய நேரத்தில் உடம்பை நேராக வைத்திருக்கவும், திறந்த பரசூட்டைச் சொன்ன இடத்தில் இறக்கவும் கைக்குத் தானாகத் தெரிந்திருக்க வேண்டும். அந்தக் கைப்பழக்கத்துக்குத்தான் 200.

ஆனால் நான் உங்களிடம் கேட்க நினைப்பது வேறு எண். அதற்கு முன் ஒரு கதை சொல்லிவிடுகிறேன்.

மேற்கு நோர்வேயில் ஒரு பாறை. பெயர் வேண்டாம். மூன்று மணித்தியால ஏற்றம், நாங்கள் நான்கு பேர். என் கணக்கில் அப்போது 112 பேஸ் குதிப்பு. மற்ற மூவருக்கும் என்னைவிட அதிகம். விளிம்பில் காற்று முதுகுப் பக்கமிருந்து வந்துகொண்டிருந்தது. பட்டம் ஒட்டுகிற ரிசுப் பேப்பரைக் கீலம் கீலமாகக் கிழித்து நான் எப்போதும் பொக்கெட்டில் வைத்திருப்பேன். ஒன்றை வீசினோம். வெளியே போனது, கொஞ்சம் இறங்கியது, அப்புறம் வளைந்து பாறையை நோக்கித் திரும்பி, சுவரோடு ஒட்டி மேலே ஏறி வந்தது. நான்கு பேரும் பார்த்தோம். ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஒருவர் சப்பாத்துக் கயிற்றைக் குனிந்து கட்டினார், அது ஏற்கெனவே கட்டித்தான் இருந்தது. ஐந்து நிமிடம் பொறுத்து இரண்டாவது கீலம். அதுவும் திரும்பி வந்தது. மூன்றாவது கீலம் நேராகக் கீழே போனது. "ஓகே" என்றார் யாரோ.

நேராகப் போகும் வரைக்கும் வீசிக்கொண்டிருந்தோம், அதுதான் நடந்தது.

நான் இரண்டாவதாகக் குதித்தேன். பரசூட் திறந்தபோது என் முகத்துக்கு நேரே பாறை. வெளியே பார்க்க வேண்டியவன் உள்ளே பார்த்துக்கொண்டு தொங்குகிறேன். வலது ரைசரை, அதாவது தோளைப் பரசூட்டோடு இணைக்கும் பட்டியை, இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். திரும்பும்போது பரசூட்டின் ஓரம் கல்லில் உரசிய சத்தம் கேட்டது. சாரத்தை வேலியில் மாட்டி இழுத்தால் வருமே, அந்தச் சத்தம். அப்புறம் கீழே பச்சைப் புல், இறங்கிவிட்டேன். இரவு சாப்பாட்டில் தோளில் தட்டினார்கள். "நல்ல ரிஃப்ளெக்ஸ்" என்றார் வயதில் மூத்தவர். என் குறிப்புப் புத்தகத்தில் அன்றைக்கு எழுதியது இன்றைக்கும் இருக்கிறது: "113. நல்ல குதிப்பு. திறப்பு கொஞ்சம் வலப்பக்கம்."

அந்த நாளில் எனக்கு அனுபவம் கிடைத்தது, உண்மைதான். என்ன அனுபவம்? பேப்பர் திரும்பி வந்தாலும் குதிக்கலாம் என்கிற அனுபவம். அடுத்த முறை அதே மாதிரிக் காற்றில் நின்றபோது 'போன தரம் சரிவந்ததுதானே' என்று உள்ளே ஒரு குரல் சொன்னது. அது வேறு யாருடையதுமில்லை, என் 113ஆவது குதிப்பின் குரல்.

1999 அக்டோபர் 22ஆம் தேதி கலிபோர்னியாவின் யோசமிட்டியில் நடந்தது தெரிந்திருக்கும். அங்குள்ள எல் கேப்பிட்டன் பாறையில் குதிக்கத் தடை. அந்த வருடம் ஜூனில் ஃபிராங்க் கம்பாலி என்பவர் அங்கே பத்திரமாகக் குதித்து இறங்கிய பிறகு, துரத்திய பூங்காக் காவலர்களிடமிருந்து தப்ப மெர்சிட் ஆற்றில் பாய்ந்து மூழ்கிப்போனார். தடையை எதிர்த்து, இதைப் பாதுகாப்பாகச் செய்யலாம் என்று காட்ட, அக்டோபரில் சிலர் எல்லோரும் பார்த்திருக்கக் குதித்தார்கள். முன்னால் குதித்தவர்கள் பத்திரமாக இறங்கினார்கள். ஜான் டேவிஸ் என்ற பெண்ணின் முறை வந்தது. 60 வயது, ஸ்டண்ட் கலைஞர், அனுபவத்துக்குக் குறைவே இல்லை. இறங்கியதும் கருவிகளைப் பறித்துவிடுவார்கள் என்பதால் தன்னுடையதை விட்டுவிட்டு இரவல் வாங்கிய பையோடு குதித்தார். பெரிய பரசூட்டை இழுத்தெடுக்கும் குட்டிப் பரசூட், அதாவது பைலட் சூட், அவர் பழகிய பையில் இடுப்புக்குப் பின்னால் இருக்கும். இரவல் பையில் அது காலில் இருந்தது. பரசூட் திறக்கவேயில்லை.

அந்தத் தடை சரியா பிழையா என்று நான் இங்கே வழக்காடவில்லை. (எனக்கு அது பிழையென்றுதான் படுகிறது. தடை இருந்தால் இரவல் பையும் அவசரமும் சேர்ந்தே வரும்.) நான் திரும்பத் திரும்ப நினைப்பது அவருடைய கையைத்தான். இத்தனை வருடமாகப் பழகிய கை, பழகிய இடத்துக்குத்தானே போகும்?

இன்னொருவர் பிரையன் ஷூபர்ட். 1966இல் மைக்கேல் பெல்கியோடு சேர்ந்து எல் கேப்பிட்டனிலிருந்து முதன்முதலில் குதித்தவர். 'பேஸ்' என்ற பெயரே அப்போது கிடையாது. இருவருக்கும் கால் எலும்புகள் முறிந்தன. 40 வருடம் கழித்து, 2006 அக்டோபரில், மேற்கு வர்ஜீனியாவின் நியூ ரிவர் பாலத்தில் வருடாந்தர 'பிரிட்ஜ் டே' அன்று குதித்தார். 267 மீற்றர் உயரம். பைலட் சூட்டை விட்டபோது நேரம் பிந்திவிட்டது. வயது 66. இந்த விளையாட்டின் முதல் பக்கத்தில் பெயர் உள்ள ஆள். இதில் மூப்பு என்று எதையாவது சொன்னால் அவரைவிட மூத்தவர் யார்?

இறந்தவர்களின் பட்டியல் ஒன்றைக் குதிப்பவர்களே வைத்திருக்கிறார்கள். நாங்கள் எல்லோரும் படிப்போம், நீங்களும் படிப்பீர்கள். படிக்கிற விதத்தில் ஒரு கள்ளம் உண்டு. ஒவ்வொரு பதிவிலும் 'இவர் இந்தப் பிழை விட்டார்' என்ற வரியைத் தேடிப் பிடித்து, 'நான் அப்படிச் செய்திருக்கமாட்டேன்' என்று மனதைத் தேற்றிக்கொண்டு அடுத்த பதிவுக்குப் போய்விடுவோம். நான் கல்லில் உரசிய இடத்தில் இன்னும் அரை மீற்றர் உள்ளே போயிருந்தால் என்னையும் நீங்கள் அப்படித்தான் படித்திருப்பீர்கள்: 'பின்காற்றில் குதித்தார், முட்டாள்.' மூன்று கீலம் பேப்பரும், கட்டிய கயிற்றைத் திரும்பக் கட்டியவரும் அந்தப் பதிவில் வந்திருக்க மாட்டார்கள்.

எங்கள் ஊர்க் கணக்கு ஒன்றும் இருக்கிறது. நோர்வேயின் லீசெ ஃபியோர்ட் என்ற ஒடுங்கிய கடல்நீரேரியின் மேல் நிற்கும் ஷெராக் பாறையில் 1995 முதல் 2005 வரை நடந்த 20,850 குதிப்புகளை ஆராய்ந்து ஒரு மருத்துவக் கட்டுரை வந்தது. 9 சாவு, 82 காயம். சராசரியாக 2,317 குதிப்புக்கு ஒரு உயிர். நல்ல வேலை, நானே பலருக்குக் காட்டியிருக்கிறேன். ஆனால் அந்த 11 வருடத்தில் எத்தனை பேர் மேலே ஏறி, காற்றைப் பார்த்து, பையைக் கழற்றாமலே நடந்து இறங்கினார்கள்? அந்த எண் எந்தக் கட்டுரையிலும் வராது. ஏனென்றால் அதை ஒருவரும் எழுதி வைக்கவில்லை.

நான் உங்களிடம் கேட்பது அந்த எண்ணைத்தான். எத்தனை தரம் இறங்கி வந்தீர்கள்?

நான் வட கடலில் எண்ணெய் மேடையில் வேலை செய்கிறேன், இரண்டு கிழமை வேலை, நான்கு கிழமை வீடு. அங்கே புதிதாக வந்த பெடியன்கூட ஒரு வேலை பிசகாகப் பட்டால் கையைத் தூக்கி நிறுத்தலாம். ஒருவருக்கும் அடிபடாமல் ஒரு ஸ்பானர் கீழே விழுந்தாலும் தாள் நிரப்ப வேண்டும். தொடக்கத்தில் எனக்கு அது பெரிய தொந்தரவாக இருந்தது. ஆனால் நான்கு கிழமை லீவில் வந்து மலையேறினால் ஸ்பானர் விழுந்ததற்குத் தோளில் தட்டி 'நல்ல ரிஃப்ளெக்ஸ்' என்கிறார்கள். இரண்டு இடத்திலும் அதே நான்தான்.

அப்பா யாழ்ப்பாணத்து மயிலிட்டியில் கடற்தொழில் செய்தவர். விடியப்புறம் எழும்பித் தேத்தண்ணி குடிக்க முன்னமே கரைக்குப் போய்ப் பார்ப்பார். சோழகக் காற்று பிடித்துக்கொண்டால் திரும்பி வந்து, "இண்டைக்குத் தொழில் இல்லை" என்பார். ஏன் என்று அம்மா கேட்டதை நான் கண்டதில்லை. அன்றைக்குக் கரையில் எல்லோருமாக இருந்து வலை பொத்துவார்கள். அப்பாவைப் பெரிய ஞானியாக்கவும் இல்லை. கடன்காரன் படலையில் நின்ற நாள்களில் அவரும் போகக்கூடாத காற்றில் போயிருக்கிறார். எங்களுக்குக் கடன்காரன் இல்லை, தலையில் மாட்டுகிற கோப்ரோ கமெரா இருக்கிறது. முடியப்போகிற லீவு இருக்கிறது. கீழே காசு கொடுத்துச் சொல்லி வைத்த படகு இருக்கிறது.

அதனால் தம்பி, தங்கச்சி, ஒரு வேலை செய்யுங்கள். குறிப்புப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்திலிருந்து பின்னோக்கி எழுதத் தொடங்குங்கள். ஏறி இறங்கிய நாள், இடம், என்ன பார்த்தீர்கள், யார் முதலில் வாய் திறந்தது. உங்களைக் கூட்டிக்கொண்டு போக ஒருவரைத் தேடும்போது அவருடைய குதிப்பு எண்ணிக்கையைக் கேட்காதீர்கள், அதை அவரே சொல்லிவிடுவார். கடைசியாக எப்போது குதிக்காமல் இறங்கினீர்கள் என்று கேளுங்கள். "நான் பிழையான நாளில் ஏறுவதே இல்லை" என்று ஒருவர் எனக்குச் சொன்னார். கெட்டிக்காரர்தான், ஆனால் அவரோடு நான் போகமாட்டேன். மூன்று மணித்தியாலத்துக்கு முன் கீழே நின்று மேலே வீசப்போகும் காற்றைப் பார்க்க ஒருவராலும் முடியாது.

இதையும் எண்ணத் தொடங்கினால் அதிலும் பெருமை வந்துவிடும், நான் 50 தரம் இறங்கினேன் என்று படம் போடுவார்கள் என்கிறார் என் மனைவி. வரும்தான். வரட்டும், அந்தப் பெருமையில் ஒருவருக்கும் கால் முறியாது.

இன்னொன்றையும் மறைக்கக்கூடாது. காற்றே இல்லாத காலையில், ஒழுங்காக மடித்த பரசூட்டும் பாறையைப் பார்த்துத் திறக்கும். அந்த நாளுக்கு என்னிடமும் மருந்து இல்லை. வீட்டில் அம்மா அப்பாவிடம் இதைச் சொல்லாமல் வராதீர்கள்.

என் புத்தகத்தில் முன்பக்கத்திலிருந்து 287, பின்பக்கத்திலிருந்து 31. கடைசியாக எழுதியது போன ஓகஸ்ட்: "ஷெராக். முகில் ஃபியோர்டை மூடிவிட்டது. ஒன்றரை மணித்தியாலம் இருந்து பார்த்தோம். கோப்பி முடிந்தது. நான்தான் முதலில் சொன்னேன். இடது முழங்கால் நோவு."

ஜூலையில் நான் லீவு. வர விரும்புகிறவர்கள் எழுதுங்கள், முதல் நாள் பையில்லாமல் சும்மா ஏறிப் பார்த்துவிட்டு வரலாம். நல்ல சப்பாத்து கொண்டு வாருங்கள். பாதையில் சங்கிலியைப் பிடித்து இறங்க வேண்டிய இடங்கள் உண்டு, மழை பெய்தால் கல் வழுக்கும்.

அன்புடன்,
ஸ்தவாங்கரிலிருந்து உங்கள் அண்ணன்