பொருந்தாத கம்ப்ரஸர் - சாண்டர் செட்: பணத்தைத் திருப்பித் தரக் கோரிப் புகார்

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

ஐயா,

வணக்கம். பெங்களூரு ஸ்ரீராமபுரத்தில் டிங்கரிங், பெயிண்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். உங்கள் 2 எச்.பி., 50 லிட்டர் டேங்க் கம்ப்ரஸரும், அந்தக் காற்றில் ஓடும் தேய்ப்பு மெஷினான ஏர் சாண்டரும் ஒரே செட்டாக வாங்கினேன். 'ஒன்றுக்கொன்று பொருத்தமானது' என்று பெட்டி மேலேயே அச்சடித்திருந்தீர்கள். போனில் பேசிப் பேசி அலுத்துப் போய்த்தான் இதை எழுதுகிறேன்.

கார் கதவின் நெளிவில் பூசிய பட்டி காய்ந்ததும் சாண்டரை வைத்தால் முதலில் நன்றாகத்தான் ஓடுகிறது. அரை நிமிடத்தில் சத்தம் இறங்கிவிடும். அப்புறம் லேசாக அழுத்தினாலே டிஸ்க் நிற்கும், பட்டியில் கோடு விழும். மோட்டார் ஓயாமல் ஓடி, கம்ப்ரஸர் ஹெட்டில் கை வைக்க முடியாத சூடு. அந்தச் சூட்டுக் காற்றில் உள்ள ஈரம் ஓஸில் ஆறித் தண்ணீராகிப் பட்டி மேல் தெறிக்கிறது.

காரணம் உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்? பெட்டியில் பெரிதாகப் போட்ட 200 லிட்டர், நிமிடத்துக்கு கம்ப்ரஸர் உள்ளே இழுக்கும் காற்று. 6 பார் அழுத்தத்தில் வெளியே தருவது 110 லிட்டர்தான். அது மேனுவலின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கிறது. சாண்டருக்கு வேண்டிய காற்று என்று அதன் பெட்டியில் போட்டது 'சராசரி 4 சிஎஃப்எம்' (நிமிடத்துக்கு 4 கன அடி), அதாவது சுமார் 113 லிட்டர். பார்த்தால் பொருந்துகிற மாதிரிதான் தெரியும். உள்ளே மேனுவலைப் பிரித்தால், தொடர்ந்து ஓட்ட 12 சிஎஃப்எம், 340 லிட்டர்! நிமிடத்தில் இருபது விநாடி ஓட்டி நாற்பது விநாடி நிறுத்தினால் வருகிற கணக்கு அந்தச் சராசரி. எந்தப் பட்டறையில் அப்படிப் பட்டி தேய்க்கிறார்கள்? டேங்க் 8 பாரிலிருந்து 6 பாருக்கு இறங்கினால் கிடைப்பது 100 லிட்டர். பற்றாக்குறையோ நிமிடத்துக்கு 230. டயருக்குக் காற்றடிக்க, இம்பாக்ட் ரெஞ்சில் விட்டு விட்டு நட்டு கழற்ற இந்த மெஷின் போதும், அதில் குறை சொல்ல மாட்டேன். சாண்டரோடு சேர்த்து விற்றது உங்கள் தவறு.

ஹெல்ப்லைனில் முதலில் வோல்டேஜ் குறைவு என்றார்கள். சரி, எலக்ட்ரீஷியனைக் கூட்டி வந்து பார்த்தேன். பிறகு ஓஸ் மாற்றச் சொன்னார்கள். அரை இன்ச் ஓஸ் வாங்கிப் போட்டேன், ஒரு மாற்றமும் இல்லை. கடைசியில் பீன்யா சர்வீஸ் சென்டருக்குக் கொண்டு வரச் சொன்னார்கள். கூட்ஸ் ஆட்டோவில் ஏற்றி, தும்கூர் ரோடு நெரிசலில் போய்ச் சேர்ந்தால், கவுன்ட்டரில் இருந்தவர் மெஷினைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஸ்பெக் படிக்கத் தெரியாதவங்க எல்லாம் மெஷின் வாங்கினா இப்படித்தான்" என்றார், அதுவும் என் பையன் முன்னால். ஸ்பெக் எழுதியது நீங்கள், செட் போட்டது நீங்கள், படிக்கத் தெரியாதவன் நானா? மத்தியானம் வரை உட்கார வைத்து, 'குறை எதுவும் இல்லை' என்று ஒரு சீட்டைக் கொடுத்து அனுப்பினார்கள். மெஷினை ஆன்கூடச் செய்யவில்லை!

என் தொழிலே நின்றுவிட்டது. வருஷக்கணக்கில் சேர்த்த பேர் போய்விட்டது. கதவில் கோடு தெரிகிறது என்று வாடிக்கையாளர்கள் வண்டியை வேறு பட்டறைக்கு எடுத்துப் போகிறார்கள். ஓஸ் மாற்றிய பில்லும் இத்துடன் வைத்திருக்கிறேன்.

உங்கள் கம்பெனி மேல் எனக்கு இன்னும் மரியாதை உண்டு. தயவுசெய்து 15 நாட்களுக்குள் செட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு முழுப் பணம், ஓஸ் செலவு, ஆட்டோ கூலி எல்லாம் கொடுங்கள். இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிவு செய்துவிட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். தொழிலுக்கு வாங்கிய மெஷின் என்று தட்டிக் கழிக்க முடியாது. சுயதொழில் செய்து பிழைக்க வாங்கியவரும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நுகர்வோர்தான்.

அந்தக் கவுன்ட்டர் ஊழியர் என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். அதைப் பணத்தோடு சேர்த்துச் சரிக்கட்ட நான் சம்மதிக்க மாட்டேன்.

இப்படிக்கு,
பட்டறை உரிமையாளர்,
ஸ்ரீராமபுரம், பெங்களூரு

இணைப்பு: செட் வாங்கிய பில், ஓஸ் பில், சர்வீஸ் சென்டர் சீட்டு, இரண்டு மேனுவல்களின் நகல்