கேட் மென்பொருள் செய்கிறவர்களுக்கு: அன்டூவுக்குப் பின் எங்கள் வேலையை அழிக்காதீர்கள்

கம்ப்யூட்டரில் ட்ராயிங் போட உதவும் கேட் (CAD) மென்பொருள்களை எழுதுகிற, விற்கிற, பராமரிக்கிற எல்லோருக்கும்,

வணக்கம். கோயம்புத்தூரில் பம்ப் பாகங்களுக்கு ட்ராயிங் போடுகிற டிராஃப்ட்ஸ்மேன் நான். 2டி, 3டி இரண்டிலும் வேலை செய்கிறேன். உங்களிடம் முக்கியமாகக் கேட்பது ஒன்றுதான். அன்டூ செய்து, அதாவது செய்த மாற்றங்களை ஒவ்வொன்றாக ரத்துசெய்து, பின்னால் போனவர் அங்கே ஒரு கோடு வரைந்துவிட்டார் என்பதற்காக, அதற்கு முன் அவர் செய்த வேலையைத் தூக்கி எறியாதீர்கள்.

நடப்பதைச் சொல்கிறேன். ஒரு கேசிங்கின் (பம்பின் வெளிக்கூடு) ஃபிளாஞ்சில் (போல்ட் போடும் விளிம்பு) போல்ட் துளைகளை மாற்றி, ரிப்பை (வலுவுக்கான முட்டு) நகர்த்தி, செக்‌ஷன் வியூவையும் (வெட்டுத்தோற்றம்) சரிசெய்து முடித்தாயிற்று. பழைய ரிப் எங்கே இருந்தது என்று பார்க்க வேண்டியிருக்கிறது. அன்டூவுக்கான கண்ட்ரோல் இசட்டை வரிசையாக அழுத்திப் பின்னால் போகிறோம். பழைய ரிப் தெரிகிறது. தூரத்தைக் குறித்துக்கொள்ள ஒரு கோடு வரைகிறோம், அவ்வளவுதான். ரத்தானதைத் திரும்பக் கொண்டுவரும் ரீடூ பட்டன் மங்கிப்போகிறது. மாற்றிய துளைகள், ரிப், செக்‌ஷன் எதுவும் இனி இல்லை. பிரபலமான கேட் மென்பொருளான ஆட்டோகேடின் உதவிப் பக்கமே ரீடூ கட்டளை அன்டூவுக்கு அடுத்ததாகவே வரவேண்டும் என்று சொல்கிறது. இந்தத் துறையில் பெரும்பாலான மென்பொருள்களின் வழக்கமும் இதுதான்.

இதில் தொழில்நுட்பச் சிரமம் இருப்பது எங்களுக்கும் தெரியும். ஒரு கோட்டை நகர்த்தினால் அதோடு ஒட்டிய டைமென்ஷனும் (அளவுக்குறிப்பு) ஹேட்சும் (ஒரு பகுதியை நிரப்பும் கோடுகள்) மாறும். 3டியில் இரண்டு திடப்பொருள்களை ஒன்றாக இணைத்துவிட்டால், முடிவை மட்டும் வைத்துக்கொண்டு பழைய இரண்டையும் பிரித்தெடுக்க முடியாது; பழைய வடிவத்தைத் தனியாகச் சேமித்துத்தான் ஆகவேண்டும். சரி. ஆனால் அந்தக் கோட்டை வரைவதற்கு ஒரு நொடி முன்புவரை அத்தனையும் உங்களிடம் பத்திரமாக இருந்ததே! ரீடூ பட்டன் உயிரோடு இருந்ததற்கு அர்த்தமே அதுதான். அழிப்பது நீங்கள் எடுத்த முடிவு. ஆட்டோகேட் முதலில் வந்த 1982-ல், கம்ப்யூட்டரின் நினைவகத்தை கிலோபைட்டில் எண்ணிக்கொண்டிருந்தோம். அப்போது அந்த முடிவு நியாயம். இன்றைக்கு அந்தக் காரணம் பொருந்தாது. விம் என்ற டெக்ஸ்ட் எடிட்டர் 2006-ல், தன் 7.0 பதிப்பிலேயே, அன்டூ வரலாற்றைக் கிளை பிரியும் மரமாக வைத்துக்கொள்ளத் தொடங்கிவிட்டது. பின்னால் போய் வேறு எதையாவது எழுதினாலும் முந்தைய கிளை அப்படியே இருக்கும்.

இப்படி முந்தைய வேலையைக் காப்பாற்றும் வசதி கேட் மென்பொருளில் இல்லாததால் என்ன ஆகிறது தெரியுமா? யாரும் துணிந்து எதையும் முயன்று பார்ப்பதில்லை. மாற்றம் செய்வதற்கு முன் சேவ் ஆஸ் போடுகிறோம். ஒரே கேசிங்குக்கு ஃபைனல், ஃபைனல் நியூ, ஃபைனல் கரெக்டட் என்று ஃபோல்டர் நிறைந்துகிடக்கிறது. சிலர் ஷீட்டுக்கு வெளியே ஒரு காப்பி எடுத்து வைத்துக்கொண்டு அதில் முயல்கிறார்கள். அந்தக் காப்பி அங்கேயே தங்கி, ஒருநாள் வார்ப்புக்கான மர மாதிரி செய்யும் பேட்டர்ன் ஷாப்புக்குப் போய்விடுகிறது. மரத்தில் பேட்டர்ன் செதுக்கி முடித்த பிறகுதான் பழைய அளவு என்று தெரியவருகிறது. அந்தத் தச்சரின் கூலியும் நேரமும் உங்கள் ரீடூ பட்டனோடு சம்பந்தப்பட்டவை.

இன்னொன்று, சத்தமில்லாமல் நடக்கும் அன்டூ. பெரிய ஷீட்டில் ஒரு மூலையைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருப்போம். கண்ட்ரோல் இசட் அழுத்தினால் மாற்றம் வேறொரு வியூவில் நடக்கும். திரையில் ஒன்றும் அசையாது. வேலை செய்யவில்லையோ என்று நினைத்து மறுபடி அழுத்துவோம், இன்னொரு தடவையும் அழுத்துவோம். நல்ல மாற்றங்கள் மூன்று போயிருக்கும். எது மாறியது என்று அந்த இடத்தை ஒரு கணம் ஒளிரவிட்டுக் காட்டுவது உங்களுக்குப் பெரிய காரியம் இல்லை.

நடுவில் செய்த ஒன்றை மட்டும் திரும்பப் பெறுவது நடக்காத காரியம் என்று சொல்வீர்கள். ஆட்டோகேடிலேயே ஊப்ஸ் என்று ஒரு பழைய கட்டளை இருக்கிறது. கடைசியாக அழித்த பொருள்களை மட்டும் மீட்டுத் தரும். அதற்குப் பிறகு செய்த வேலையைத் தொடாது. எத்தனை டிராஃப்ட்ஸ்மேன்களை அது காப்பாற்றியிருக்கிறது! கடைசி அழிப்புக்கு மட்டும்தான் வேலை செய்யும் என்பதே அதன் குறை. அந்த யோசனையை ஏன் அங்கேயே நிறுத்திவிட்டீர்கள்? நடுவில் உள்ள ஒரு மாற்றத்தை நாங்கள் தேர்ந்தெடுக்கும்போது, இதைத் திரும்பப் பெற்றால் பின்னால் வந்த இன்னின்ன மாற்றங்களும் பாதிக்கப்படும் என்று காட்டுங்கள். முடிவை நாங்கள் எடுத்துக்கொள்கிறோம்.

3டி மென்பொருள் செய்கிறவர்கள், ஃபீச்சர் ட்ரீ (மாடலைக் கட்டிய படிகளின் மரம்) இருக்கிறதே, எந்தப் படிக்கும் போய்த் திருத்தலாமே என்பார்கள். அந்த மரம் மாடல் இப்போது எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதைத்தான் சொல்கிறது. 42 மில்லிமீட்டரை 45 ஆக்கினால் மரத்தில் 45 மட்டும் இருக்கும். அன்டூ பட்டியல் தீர்ந்துபோனால் அந்த 42 எங்கேயும் கிடையாது. இலவச 3டி மென்பொருளான ஃப்ரீகேடில் அந்த அன்டூ பட்டியல் இயல்பாக 20 படிகள்தான். கூட்டிக்கொள்ள வசதி இருக்கிறது, ஆனால் அமைப்புகளுக்குள் தேடிப் போகிறவர்கள் குறைவு. சம்பளம் இல்லாமல் அதை வளர்க்கிறவர்கள்மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. அந்த எண்ணை மட்டும் உயர்த்துங்கள்.

முடியும் என்பதற்கு ஆன்ஷேப் என்ற கேட் மென்பொருள் சாட்சி. அதில் ஒவ்வொரு மாற்றமும் பதிவாகிறது. பழைய நிலையைத் திறந்து பார்த்து, அங்கிருந்து கிளை பிரித்துப் போகலாம். ஆனால் அது இணையத்தில் ஓடுவது. வாடிக்கையாளரின் ட்ராயிங் வெளி சர்வருக்குப் போகக் கூடாது என்று எழுதிக் கொடுத்திருக்கும் பட்டறைகளுக்கு அது உதவாது. எங்கள் சொந்த கம்ப்யூட்டரில் ஓடும் மென்பொருளுக்கு இது வேண்டும்.

லிஸ்ப் ரூட்டீன் (ஆட்டோகேடில் பல கட்டளைகளைச் சேர்த்து ஓட்டும் சிறு நிரல்) எழுதிப் பகிர்கிற நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. ரூட்டீன் செய்யும் அத்தனையும் ஒரே அன்டூவில் திரும்பும்படி, அன்டூ பிகின், அன்டூ எண்ட் இரண்டையும் மறக்காமல் போடுங்கள். பாதியில் எஸ்கேப் அடித்தாலும் எண்ட் ஓடும்படி பிழை கையாளும் பகுதியிலும் எழுதுங்கள். இல்லாவிட்டால் உங்கள் ரூட்டீனைத் திரும்பப் பெற முயல்கிறவர் பாதி வேலையில் மாட்டிக்கொள்கிறார்.

கிளை பிரியும் முழு அன்டூ மரமும் வர நாளாகும் என்றால், அடுத்த பதிப்பில் இதையாவது செய்து கொடுங்கள். ஒருவர் தொடர்ந்து ஐந்து படிகளுக்கு மேல் அன்டூ செய்தால், அவர் புறப்பட்ட நிலையை ஆட்டோசேவ் ஃபைல் போல டிஸ்கில் எழுதி வையுங்கள். ஃபைலை மூடும்வரை அது இருந்தால் போதும். அதைத் திறக்க மெனுவில் ஒரு வரி கொடுங்கள்.

இப்படிக்கு,
கோயம்புத்தூரிலிருந்து ஒரு டிராஃப்ட்ஸ்மேன்