ஓங்கிய கைக்கு இருந்த மதிப்பு

ஐ.நா. பாதுகாப்பு அவையின் நிரந்தர உறுப்பு நாடுகள் ஐந்தின் வெளியுறவு அமைச்சர்களுக்கு,

வணக்கம். உங்களில் இருவருடைய நாடுகள் மறக்க விரும்பும் ஆண்டு 1956. அந்த ஜூலை 26 இரவு, அலெக்சாந்திரியாவில் எகிப்து அதிபர் நாசர் பேசிக்கொண்டிருந்தார். சூயஸ் கால்வாயை வெட்டுவித்த லெசெப்ஸின் பெயர் பேச்சில் திரும்பத் திரும்ப வந்தது. கூட்டத்துக்கு அது சரித்திரப் பாடம். வானொலியில் காதை வைத்துக் காத்திருந்த அவருடைய ஆட்களுக்கோ அதுதான் சங்கேதச் சொல். பேச்சு முடிவதற்குள், பிரிட்டனும் பிரான்சும் பெரும்பங்கு வைத்திருந்த கால்வாய்க் கம்பெனி எகிப்தின் கைக்கு மாறிவிட்டது.

அதை மீட்க, பிரிட்டனும் பிரான்சும் இஸ்ரேலோடு இரகசியமாகப் பேசிவைத்துக்கொண்டு அக்டோபர் கடைசியில் குண்டு வீசின. நவம்பர் 5 அன்று போர்ட் சயீதில் பாராசூட் படை இறங்கியது. மறுநாள் நள்ளிரவோடு போர் நிறுத்தம். களத்தில் அவர்கள் தோற்கவில்லை என்பதுதான் வேடிக்கை. இந்தப் படையெடுப்பை எதிர்த்த வாஷிங்டன் துப்பாக்கி எதையும் தூக்கவில்லை. பவுண்டு ஆட்டம் கண்ட நேரத்தில், சர்வதேச நிதியத்திலிருந்து லண்டனுக்குப் பணம் போகாமல் குறுக்கே நின்றது. எண்ணெய் வரும் வழியைக் காக்கப் போனார்கள். எகிப்து கப்பல்களை மூழ்கடித்து அந்த வழியையே அடைத்துவிட்டது. டிசம்பரில் பிரிட்டனில் பெட்ரோலுக்கு ரேஷன்!

அதுவரை பிரிட்டனை வல்லரசு என்றுதான் உலகம் நம்பியது. ஏடனிலிருந்து சிங்கப்பூர் வரை அதன் கொடிக்குப் பாதிக் காவல் அந்த நம்பிக்கைதான். ஓங்கிய கைக்கே பலர் ஒதுங்கிப் போனார்கள். அடித்த பிறகுதான் அந்தக் கையின் வலு எவ்வளவு என்று ஊருக்குத் தெரிந்தது.

அடிக்காமல் இருந்தாலே போதும் என்று நான் சொல்ல வரவில்லை. 1971 டிசம்பரில், வங்கதேசப் போரின்போது, இந்தியாவை மிரட்ட அமெரிக்காவின் 'எண்டர்பிரைஸ்' விமானந்தாங்கிக் கப்பல் வங்கக் கடலை நோக்கி வந்தது. டெல்லி மிரளவில்லை; 16-ஆம் தேதி டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தது. ஒரு குண்டும் சுடாத அந்தக் கப்பலை இங்கே பலர் இன்னும் மறக்கவில்லை, மன்னிக்கவும் இல்லை.

என் வேண்டுகோள் சிறியது. அடுத்த முறை தளபதிகள் மேசையில் வரைபடத்தை விரிப்பதற்கு முன், கஜானாக் கணக்கைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அன்றைய பிரிட்டிஷ் நிதியமைச்சர் மாக்மில்லன் படையெடுப்புக்கு முந்திக்கொண்டு தலையாட்டியவர். கையிருப்பு கரைந்ததும் நிறுத்தச் சொன்னவரும் அவரே. 1957 ஜனவரியில் பிரதமர் ஈடன் பதவி விலகினார். அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தவர், அதே மாக்மில்லன்.

இப்படிக்கு,
செய்தித்தாள் வாசகன் ஒருவன்