ஹாக்கின்ஸ் குடும்பத்தைப் பற்றி, பிளிமத்தில் இருக்கும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

இங்கே அனைவரும் நலம். உன் நலமறிய ஆவல். இங்கிலாந்தின் துறைமுக நகரமான உன் பிளிமத்தில் சர் ஜான் ஹாக்கின்ஸின் பெயரைத் தாங்கிய சதுக்கத்துக்கு வேறு பெயர் வைக்கப்போவதாக மாநகராட்சி 2020இல் அறிவித்ததைக் குறிப்பிட்டு, அந்தக் கப்பல் தலைவரைப் பற்றி நான் என்ன நினைக்கிறேன் என்று கேட்டிருந்தாய். தொலைபேசியில் சொல்லி முடிக்கக்கூடிய கதை அல்ல என்பதால் எழுதுகிறேன். அவரை மட்டும் தனியாகப் பிரித்துப் பேச முடியாது. தந்தை, மகன் இருவரையும் சேர்த்துப் பார்த்தால்தான் அவர் யார் என்பது விளங்கும்.

தந்தை வில்லியம் ஹாக்கின்ஸ் பிளிமத்தின் பெரிய வணிகர். அந்நகரின் மேயராகவும் நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தவர். 1530களின் தொடக்கத்தில், 'பால்' என்ற தம் கப்பலில் பிரேசிலுக்குச் சென்றபோது, அங்கிருந்த ஒரு தலைவரை எட்டாம் ஹென்றி மன்னரிடம் அழைத்துவந்தார். தலைவர் திரும்பி வருவார் என்பதற்குப் பிணையாக மார்ட்டின் காக்கரம் என்ற பிளிமத்துக்காரரை அம்மக்களிடம் விட்டுவந்தார். கன்னங்களில் துளையிட்டு எலும்பு செருகி, கீழுதட்டில் பட்டாணி அளவுள்ள கல் பதித்திருந்த அந்த மனிதரைக் கண்டு அரசவையே வியந்ததாம். ஆனால் ஊர் திரும்பும் வழியில், கடலிலேயே அவர் இறந்துவிட்டார். காக்கரமின் கதி என்னவாகுமோ என்று எல்லோரும் அஞ்சினார்கள். வில்லியம் வஞ்சகம் செய்யவில்லை என்று அம்மக்கள் நம்பினார்கள். பிணையாளியை உயிரோடு திருப்பி அனுப்பினார்கள். இந்தக் குடும்பத்தின் வரலாற்றில் என்னை மிகவும் நெகிழச் செய்வது இந்த நிகழ்ச்சிதான்.

அந்த வில்லியமின் மகன் ஜான் 1532இல் பிறந்தார். இருபது வயதில் பிளிமத்தில் ஒருவரைக் கொன்றார். தற்காப்புக்காகச் செய்தது என்று விசாரணையில் முடிவாகி, அரச மன்னிப்பும் கிடைத்தது. கடற்படைப் பொருளாளரான பெஞ்சமின் கான்சனின் மகள் கேத்தரினை மணந்த பிறகு, லண்டனின் பணமும் அதிகாரமும் அவருக்கு எட்டும் தூரத்தில் வந்தன. 1562இல் மூன்று கப்பல்களுடன் மேற்கு ஆப்பிரிக்காவுக்குச் சென்று, முந்நூறு ஆப்பிரிக்கர்களுக்குக் குறையாமல் பிடித்தும், போர்த்துக்கீசியரின் கப்பல்களிலிருந்து பறித்தும், கரீபியக் கடலின் ஹிஸ்பானியோலா தீவில் ஸ்பானியர்களிடம் அடிமைகளாக விற்றார். லாபம் பெருகியதைக் கண்ட எலிசபெத் மகாராணி, அடுத்த பயணத்துக்குத் தம்முடைய 'ஜீசஸ் ஆஃப் லூபெக்' என்ற பெரிய கப்பலையே கொடுத்தார். 'நாள்தோறும் இறைவனை வணங்குங்கள், ஒருவரை ஒருவர் நேசியுங்கள்' என்று அந்தப் பயணத்தில் மாலுமிகளுக்குக் கட்டளையிட்டவரும் இதே ஜான்தான். பின்னர் அவருக்கு வழங்கப்பட்ட குலச்சின்னத்தின் உச்சியில், கயிற்றால் கட்டுண்ட ஒரு கறுப்பின மனிதரின் உருவம் பொறிக்கப்பட்டது. அதை அவர் மறைக்க வேண்டிய ஒன்றாகக் கருதவில்லை, பெருமையாகவே கருதினார்.

மூன்றாம் பயணத்தில், 1568 செப்டம்பரில், மெக்சிகோவின் சான் ஹுவான் டி உலுவா துறைமுகத்தில் ஸ்பானியக் கப்பற்படை அவரைத் தாக்கியது. 'ஜீசஸ்' பறிபோனது. அவர் ஏறித் தப்பிய 'மினியன்', அவருடைய உறவினரான பிரான்சிஸ் டிரேக்கின் 'ஜூடித்' ஆகிய இரண்டு மட்டுமே தப்பின. அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றியிருந்த 'மினியனில்' தோலைத் தின்றார்கள். எலி, பூனை, நாய் எதையும் விடவில்லை. குரங்குக்கும் கிளிக்கும் பெரும் விலை கொடுத்தார்கள். பசி தாங்காமல் ஏறக்குறைய நூறு பேர் மெக்சிகோக் கரையில் இறங்கிக்கொண்டார்கள். அவர்களில் ஜாப் ஹார்ட்டாப் என்பவர் ஸ்பானியரின் சிறைகளையும் துடுப்புக் கப்பல்களையும் கடந்து, 1590இல்தான் இங்கிலாந்தை மறுபடி கண்டார்.

மாமனாருக்குப் பின் பொருளாளர் பதவி ஜானுக்கு வந்தது. உயர்ந்த மேற்கட்டுகளைக் குறைத்து, நீண்டு தாழ்ந்த, எளிதில் திருப்பிச் செலுத்தக்கூடிய போர்க்கப்பல்களை உருவாக்கியதிலும், 1585இல் மாலுமிகளின் மாதச் சம்பளத்தை உயர்த்தியதிலும் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. 1588இல் இங்கிலாந்தின் மீது படையெடுத்து வந்த ஸ்பானிய ஆர்மடா கப்பற்படையை எதிர்த்து 'விக்டரி' கப்பலில் போரிட்டு, கடலிலேயே சர் பட்டம் பெற்றார். ஊனமுற்ற மாலுமிகளுக்காக, ஒவ்வொருவர் சம்பளத்திலிருந்தும் மாதம் ஆறு பென்ஸ் பிடித்துச் சேர்த்த 'சதாம் செஸ்ட்' என்ற நிதியைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். துறைமுகத்தில் வேலை பார்த்த எனக்கு, இந்த நிதியின் அருமை நன்றாகவே தெரியும். இதற்காக அவரை மனமாரப் பாராட்டுகிறேன்.

இனி மகனின் கதை. ஜானின் மகன் ரிச்சர்டுக்காகக் கட்டிய கப்பலுக்கு, அவருடைய மாற்றாந்தாய் 'மனந்திரும்புதல்' என்ற பொருளில் பெயரிட்டார். தேம்ஸில் அதைக் கண்ட மகாராணி, பெயர் பிடிக்காமல் 'டெயின்டி' என்று மாற்றினார். 1593இல் அதில் புறப்பட்ட ரிச்சர்டு, அடுத்த ஆண்டு, இன்றைய ஈக்வடார் கரையோரம் மூன்று நாள் போரிட்டு, உடலெங்கும் காயங்களுடன் ஸ்பானியரிடம் சரணடைந்தார். அனைவரையும் ஊருக்கு அனுப்புவதாகக் கொடுத்த வாக்கை ஸ்பானிய அரசு காப்பாற்றவில்லை. 1595 ஆகஸ்டில், அறுபதைக் கடந்த ஜான், டிரேக்குடன் சேர்ந்து பிளிமத்திலிருந்து கரீபியக் கடலுக்குப் புறப்பட்டதற்கு, சிறைப்பட்ட மகனை மீட்கும் ஆசையும் ஒரு காரணம் என்று வரலாற்றாசிரியர்கள் சிலர் கருதுகிறார்கள். நவம்பர் 12 அன்று, போர்ட்டோ ரிகோவை நெருங்கியபோது, கப்பலிலேயே உயிர் துறந்தார். மகனை மீட்க உயிலில் பணம் ஒதுக்கியிருந்தார். ஆனாலும் ரிச்சர்டு 1602இல்தான் விடுதலையானார். பின்னர் பிளிமத்தின் மேயரானார். தம் பயணத்தைப் பற்றி அவர் எழுதிய நூல், அவர் இறந்த 1622ஆம் ஆண்டில் வெளிவந்தது.

கிழ வயதில் பிள்ளைக்காகக் கடலேறிய அந்தத் தகப்பனின் தவிப்பு எனக்குப் புரிகிறது. உனக்கு ஒன்றென்றால் நானும் அப்படித்தான் புறப்படுவேன். ஆனால் அவர் விற்ற ஒவ்வொருவரும் ஏதோ ஒரு வீட்டின் பிள்ளைதானே! அவர்களுக்காக யாரும் உயில் எழுத முடியவில்லை. எந்த நிதியும் தொடங்கப்படவில்லை. மீட்புப் பணம் கேட்டுக்கூட ஒருவரும் வரவில்லை. தம் மகனுக்கு நேர்ந்ததை அநீதி என்று உணர்ந்தவர், தாம் பிறர் பிள்ளைகளுக்குச் செய்ததை அப்படி உணர்ந்ததற்கான தடயம் எதையும் நான் படித்ததில் காணவில்லை. அதனால்தான் அந்தச் சதுக்கத்தின் பெயரை மாற்றும் முடிவு சரி என்கிறேன்.

எப்போதாவது இங்கிலாந்தின் சதாம் நகருக்குப் போனால், ஏழை மாலுமிகளுக்காக ஜான் 1592இல் நிறுவிய இல்லத்தை அவசியம் பார்த்துவிட்டு எனக்கு எழுது. குளிர் கூடும் காலம், உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அப்பா