ஆண்டறிக்கை 2024–25: நம் தெருக் குப்பையும் பெருங்குடியும்

பெரியோர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நம் குடியிருப்போர் சங்கச் செயற்குழு இந்த ஆண்டு 9 முறை கூடியது. கொடியேற்றம், பொங்கல் கோலப்போட்டி, கண் பரிசோதனை முகாம் வழக்கம்போல் நடந்தன. குறுக்குத் தெருவில் எரியாத விளக்குகள் மாற்றப்பட்டன.

அடுத்து, வீட்டுக் குப்பையை மட்கவைத்து உரமாக்கும் உரத்தொட்டி. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும்.

2015 வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் வேளச்சேரிப் பக்கம் நாம் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். தென்சென்னை ஏரிகளின் உபரிநீர் போய்ச் சேருமிடம் பள்ளிக்கரணை சதுப்பு நிலம். 2022இல் அது ராம்சர் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்தது. அந்தச் சதுப்பின் ஒரு பகுதியை மூடித்தான் பெருங்குடி குப்பைக் கிடங்கு வளர்ந்தது. அதில் நம் வீட்டுக் குப்பையும் உண்டு.

2022 ஏப்ரலில் கிடங்கு நாள்கணக்கில் எரிந்தபோது நாம் ஜன்னலைச் சாத்தி ஏ.சி. போட்டுக்கொண்டோம். கிடங்கை ஒட்டிக் குடியிருப்பவர்கள் அந்தப் புகையிலேயே சோறு வடித்தார்கள். காய்கறிக் கழிவு காற்றில்லாமல் அழுகினால் மீத்தேன் வரும். பூமியைச் சூடாக்குவதில் அது கரியமில வாயுவைவிடப் பல மடங்கு வீரியமானது. சூட்டைக் கூட்டுவது இரண்டு கார் வைத்திருக்கும் வீடு, வேகுவது தகரக்கூரை வீடு. இது அநியாயம். ஆண்டு முழுக்க இதையே சொல்லி வந்தேன், இனியும் சொல்வேன்.

அதனால்தான் பூங்கா ஓரம் 4 தொட்டிகள் கட்டினோம். முதல் மாதம் நாற்றம் வந்தது உண்மை. சோற்று மிச்சம் அதிகம், சருகு குறைவு, அதுதான் காரணம். சருகைக் கூட்டி, புளித்த மோர் தெளித்ததும் சரியாகிவிட்டது. ஆனால் அந்த மாதம் புகார்க் கடிதம் கொடுத்த யாரும் அப்புறம் ஒருமுறைகூட வந்து பார்க்கவில்லை. 84 வீடுகளில் தரம் பிரித்துத் தருபவை 37. மற்ற வீடுகளின் நாப்கினையும் உடைந்த கண்ணாடியையும் தூய்மைப் பணியாளர் அம்மா கையால் பிரிக்கிறார். தரம் பிரிப்பது நம் வேலை என்று 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளே சொல்லிவிட்டன.

"வரி கட்டுகிறோம், மாநகராட்சி பார்த்துக்கொள்ளட்டும்" என்றார் ஓர் உறுப்பினர். பாலாற்றைக் கெடுத்த தோல் கழிவு குறித்து வேலூர்க் குடிமக்கள் தொடுத்த வழக்கில், கெடுத்தவரே ஈடுகட்ட வேண்டும் என்று 1996இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. தொழிற்சாலைக்குச் சொன்னது நம் அடுக்களைக்கும் பொருந்தும் என்றே நான் நினைக்கிறேன்.

வரவு செலவைப் பொறுத்தவரை, செலவு போகச் சிறு தொகை கையிருப்பு உள்ளது. விவரம் பொருளாளரிடம் பார்க்கலாம். 29 வீடுகளின் சந்தா பாக்கி. மாதம் 150 ரூபாய்தான். தொட்டிச் செலவில் ஒரு பகுதியை என் கையிலிருந்து போட்டேன். அதைத் திருப்பிக் கேட்கவில்லை, சந்தாவைத்தான் கேட்கிறேன்.

ஒத்துழைத்த வார்டு அலுவலர்கள், காவலாளி, தூய்மைப் பணியாளர்கள், செயற்குழுவினர் அனைவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு இன்னும் 2 தொட்டிகள் கட்ட எண்ணம். ஞாயிறு காலை 7 மணிக்குக் கிளறிவிட ஆள் வேண்டும். பட்டியல் காவலாளி மேசையில் இருக்கிறது. இப்போதைக்கு அதில் என் பெயரும் பொருளாளர் பெயரும் மட்டுமே உள்ளன. எனக்கு 67 வயது, முழங்கால் முன்புபோல் இல்லை. கீழே நிறைய இடம் விட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்