செருப்பு தைத்துக் கொடுத்த அண்ணனுக்கும் மற்றவர்களுக்கும்

அன்புடையீர்,

நேற்று கைப்புண்ணின் கடைசிக் கட்டையும் அவிழ்த்துவிட்டார்கள். வெகுநாள் கழித்து ஸ்பூன் இல்லாமல் சோறு பிசைந்து சாப்பிட்டேன். அந்த ஈரம் காய்வதற்குள் எழுதிவிடுகிறேன். நடந்தது உங்களுக்குத் தெரியும்: குரோம் முலாம் பூசும் தொட்டியில் வேலை பார்த்துக் கையில் குழிப்புண், கூடவே குரோம் அலர்ஜி.

என் முறையையும் சேர்த்துக் குரோம் தொட்டி வேலையில் நின்ற நண்பர்கள், முதுகில் ஒட்டிய அலர்ஜி பரிசோதனைப் பட்டைகள் நனையாமல் இரண்டு நாள் என்னைக் காவல் காத்த மனைவி, 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் தொழில்நோய் அட்டவணையிலேயே குரோம் புண் இருந்தது என்று சொல்லி, ‘இது சோப்பு அலர்ஜி’ என்ற பேச்சை ஒரே வரியில் முடித்துவைத்த இ.எஸ்.ஐ. டாக்டர் அம்மா, எல்லோருக்கும் நன்றி.

பாலத்தடியில் செருப்பு தைக்கும் அண்ணா, உங்களுக்குத்தான் நிறையச் சொல்ல வேண்டும். கை ஆறிக்கொண்டே வந்தது, பாதம் மட்டும் வெடித்து நீர் வடிந்தது. தவிர்க்க வேண்டியவை என்று டாக்டர் கொடுத்த தாளில் ‘தோல் பொருள்’ என்றும் இருந்தது. அது தோல் பதனிடுகிறவர்களுக்கு என்று நினைத்து நான் கடந்துபோயிருந்தேன். அறுந்த வாரைத் தைக்கத்தான் உங்களிடம் வந்தேன். நீங்கள் செருப்பை விட்டுவிட்டுக் காலைப் பார்த்தீர்கள். என்ன வேலை என்று கேட்டீர்கள். பிறகு வாரின் ஓரத்தைக் கத்தியால் சீவிக் காட்டினீர்கள்: மேலே பழுப்பு, உள்ளே சாம்பல் கலந்த நீலம். “குரோமில் பதனிட்ட தோல், தம்பி. தொட்டியை விட்டாய், அதையே காலில் மாட்டிக்கொண்டு திரிகிறாய்.”

புண் ஒட்டிக்கொள்ளும் என்று பயந்து டீக்கடையில் எனக்கென்று தனி டம்ளர் வைத்திருந்த நாட்கள் அவை. நீங்கள் என் பாதத்தை எடுத்து மடியில் வைத்து அளவெடுத்தீர்கள். டயர் அடிப்பாகம், கித்தான் துணியில் வார், ஒட்டாமல் நூலால் தைத்தது. காசு வாங்கவில்லை. மூன்று வாரத்தில் பாதம் காய்ந்தது.

இப்போது பட்டறையில் பொருள் கட்டும் பிரிவில் இருக்கிறேன். தொட்டிக்குப் புதிதாக வந்திருக்கும் பையன்களின் விரல் மூட்டுகளையும் நகக்கண்ணையும் வாரம் ஒருமுறை நானே பார்க்கப்போகிறேன். அந்தக் குழிப்புண் அவ்வளவாக வலிக்காது, அதனால்தான் நானும் விட்டுவிட்டேன். கிழிந்த கையுறையோடு எவனையும் தொட்டிப் பக்கம் விடுவதில்லை. மேஸ்திரி முறைத்தால் முறைக்கட்டும்.

அண்ணா, வார் தளர்ந்தால் வரச் சொன்னீர்கள். இடது கால் சற்றுத் தளர்ந்திருக்கிறது. ஞாயிறு வருகிறேன். இந்த முறை காசு வாங்கிக்கொள்ள வேண்டும்.