லிப்டில் பேசாதவர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் ஃபின்லாந்து பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். வடதுருவ ஒளி, கலைமான், 2018 முதல் உலக மகிழ்ச்சி அறிக்கையில் முதலிடம், எல்லாம் சரி. "யாரோடும் ஒட்டாத மக்கள்" என்று போகிற போக்கில் எழுதியதைத்தான் ஏற்க முடியவில்லை. கல்யாணமாகி இங்கே தாம்பெரே நகருக்கு வந்தவள் நான்.

எங்கள் அடுக்ககத்தின் கீழ்த்தளத்தில் பொதுச் சவுனா, அதாவது சூடேற்றிய கல்லில் தண்ணீர் ஊற்றி ஆவி பிடிக்கும் குளியல் அறை, உண்டு. சனிக்கிழமை மாலை பெண்களுக்கென்று ஒரு நேரம். நம் ஊர் எண்ணெய்க் குளியல் மாதிரி, சனிக்கிழமை என்றால் இவர்களுக்குச் சவுனா. ஆஸ்பத்திரிகள் பெருகாத காலத்தில் பிரசவம் நடந்ததும், இறந்தவர்களைக் குளிப்பாட்டியதும் சவுனா அறையில்தான். லிப்டில் தலையை மட்டும் அசைக்கும் பக்கத்து வீட்டு அம்மா, காய்ந்த கல்லில் ஒரு கரண்டி தண்ணீர் விழுந்து ஆவி எழுந்ததும் பேச ஆரம்பித்துவிடுவார். உடம்பில் துணி இல்லாமல் உட்கார எனக்கு முதலில் கூச்சம்தான். அவர் கதையில் அது மறந்துபோனது.

அவருடைய அம்மா ஃபின்லாந்தின் கிழக்கு எல்லைப் பகுதியான கரேலியாவிலிருந்து வந்தவர். சோவியத் ஒன்றியத்துடன் நடந்த போர்களில் அந்தப் பகுதி கைவிட்டுப் போனபோது நாலு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வீடு வாசலை விட்டு வந்தார்கள். அவர்களோடு வந்ததுதான் இன்று நாடெங்கும் கிடைக்கும் கரேலியப் பணியாரம்: ரை என்ற தானியத்தின் மாவை மெல்லியதாகத் தேய்த்து, பாலில் குழைய வெந்த அரிசியை நடுவே வைத்து, ஓரத்தைச் சுருக்கிச் சுருக்கி மடித்து அடுப்பில் சுடுவது. மேலே வெண்ணெயில் மசித்த அவித்த முட்டை. சுருக்கு வைக்கப் பக்கத்து வீட்டு அம்மாதான் என் கையைப் பிடித்துக் கற்றுக்கொடுத்தார். டிசம்பர் 6, சுதந்திர தினத்தன்று மாலை ஜன்னலில் இரண்டு மெழுகுவர்த்தி ஏற்றுவதும் அவரைப் பார்த்துத்தான். இப்போது நான் மறந்தாலும் என் மகன் விடமாட்டான்.

வியாழக்கிழமைப் பட்டாணி சூப்பும் எனக்குப் பழகிவிட்டது. ஈஸ்டருக்குச் செய்யும் மம்மி என்ற கறுப்பு ரை மாவுக் களி மட்டும் இன்னும் இறங்கவில்லை, மன்னிக்கவும்.

கட்டுரையாளர் மறுபடி வந்தால் எங்கள் நகரின் பிஸ்பலா பகுதியில் 1906 முதல் விறகடுப்பில் இயங்கும் ராயாபோர்த்தி பொதுச் சவுனாவுக்குப் போகட்டும். சூடு தாங்காமல் முற்றத்தில் வந்து உட்காருபவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பார்க்கட்டும். துண்டு ஒன்று கொண்டுபோகச் சொல்லுங்கள்.

– ஒரு வாசகி,
தாம்பெரே, ஃபின்லாந்து